அஞ்சலுக்குச் சென்னை, பட்டாவுக்குத் திருவள்ளூர்

பட்டாபிராமுக்கு வரும் கடிதத்தின் உறையில் ‘சென்னை - 600072’ என்று இருக்கும். அதே வீட்டின் பட்டாவை எடுத்துப் பார்த்தால் மாவட்டம் திருவள்ளூர், வட்டம் ஆவடி. ஊரின் பல தெருக்களுக்குக் கிராமத்தின் பெயர் தண்டுரை. வீட்டு வரி ஆவடி மாநகராட்சிக்குப் போகிறது. தெருவில் தகராறு என்றால் வந்து நிற்பவர்கள் ஆவடி காவல் ஆணையரகத்துக் காவலர்கள். வாக்களிக்கும்போது சட்டமன்றத்துக்கு ஆவடி தொகுதி, நாடாளுமன்றத்துக்குத் திருவள்ளூர் தனித்தொகுதி. மாடி கட்ட வேண்டுமானால் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் விதிகளைப் பார்க்க வேண்டும்.

ஒரே ஊர்மேல் இத்தனை கோடுகள். ஒவ்வொன்றையும் ஓர் அலுவலகம் தனக்குத் தோதாக வரைந்திருக்கிறது. அவற்றை வரைபடத்தில் பார்ப்பது ஒன்று. அந்தக் கோடுகளுக்குள் வாழ்கிறவர்கள் ஒரு கையெழுத்துக்காக எங்கே போய் வருகிறார்கள் என்று கூடவே போய்ப் பார்ப்பது வேறு. மின்ரயிலிலும் பேருந்திலும் நடந்தும் நான் போய்ப் பார்த்தது இரண்டாவதை.

சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் வண்டியில் ஏறினால் ஆவடிக்கு அடுத்து இந்துக் கல்லூரி, அதற்கடுத்து பட்டாபிராம். இந்தத் தடம் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய தடம். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்ட வண்டி இந்த வழியாகத்தான் போனது. அன்றைக்கு இங்கே மாநகராட்சியும் இல்லை, திருவள்ளூர் மாவட்டமும் இல்லை. ஏரிகளும் அவற்றை நம்பிய வயல்களும் சிறு கிராமங்களும் இருந்தன.

இந்துக் கல்லூரி நிலையத்தின் பெயர், பக்கத்திலுள்ள தர்மமூர்த்தி ராவ் பகதூர் கலவல கண்ணன் செட்டி இந்துக் கல்லூரியால் வந்தது. கல்லூரி 1969-ல் தொடங்கியது. காலை வண்டியிலிருந்து இறங்கும் மாணவர் கூட்டத்தில் அரக்கோணத்துப் பிள்ளைகளும் உண்டு, அம்பத்தூர்ப் பிள்ளைகளும் உண்டு. ஒருவர் ராணிப்பேட்டை மாவட்டம், மற்றவர் சென்னை மாவட்டம், படிப்பதோ திருவள்ளூர் மாவட்டத்தில். மாவட்ட எல்லை இவர்களுடைய காலைப் பொழுதில் எங்கும் குறுக்கிடுவதில்லை. தெற்கு ரயில்வேக்கு இந்தத் தடம் முழுவதும் சென்னைக் கோட்டம். அதன் கோடு ஜோலார்பேட்டை வரை போகிறது.

மெயின் லைனிலிருந்து ஒரு கிளை பிரிந்து மிலிட்டரி சைடிங் நிலையத்துக்குப் போகிறது. பொதுமக்கள் பயணம் செய்யும் புறநகர் வண்டியின் முன்பலகையில் ‘பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்’ என்று எழுதியிருப்பதை வேறு ஊர்க்காரர்கள் வியப்பாகப் பார்ப்பார்கள். ராணுவத்துக்குப் பொருள் ஏற்றி இறக்கப் போட்ட பாதை, வேலைக்குப் போகிறவர்களுக்கும் பயன்பட்டு, ஊருக்கே அடையாளமாகிவிட்டது. அந்தத் தண்டவாளம் சென்னை - திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். சாலையைக் குறுக்கே கடக்கிறது. கேட் மூடினால் சென்னைக்குப் போகும் பேருந்தும் திருவள்ளூருக்குப் போகும் லாரியும் சேர்ந்து நிற்கும். மேலே பாலம் கட்டி முடிப்பதற்குள் ஆண்டுகள் பல ஓடின. தண்டவாளம் ரயில்வேக்குச் சொந்தம், சாலை நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம், ஓரத்து நிலத்தில் கொஞ்சம் பாதுகாப்புத் துறைக்கு, கொஞ்சம் தனியாருக்கு, மழைநீர்க் கால்வாய் மாநகராட்சிக்கு. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு தூண் எழ வேண்டுமென்றால் எத்தனை பேர் சம்மதிக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் தாமதத்தின் காரணம் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதிக்கு நான் யாரையும் மன்னிக்கத் தயாராக இல்லை. அந்தக் கேட்டில் ஆம்புலன்ஸ்கள் நின்றிருக்கின்றன.

ராணுவம்தான் இந்தப் பகுதியின் வடிவத்தையே தீர்மானித்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆவடியைச் சுற்றிப் பெரும் நிலப்பரப்பு படைத்துறைக் கிடங்குகளுக்காக எடுக்கப்பட்டது. 1955 ஜனவரியில் இந்திய தேசிய காங்கிரசின் மாநாடு ஆவடியில் நடந்து, சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானத்தால் ஊர்ப்பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-ல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளியே வந்தது. வேலைக்கு ஆட்கள் வந்தார்கள், வந்தவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது, வயல்கள் மனைகளாயின. பட்டாபிராமும் மிட்டனமல்லியும் முத்தாபுதுப்பேட்டையும் இப்படித்தான் வளர்ந்தன. ஆனால் நடுநடுவே சுற்றுச்சுவர்கள். ஒரு தெரு நேராகப் போய்ச் சுவரில் முட்டித் திரும்பும். அந்தப் பக்கம் மத்திய அரசின் நிலம். மாநகராட்சியின் குப்பை வண்டியும் தெருவிளக்கும் சுவரோடு நின்றுவிடும்.

கிராம நிர்வாக அலுவலரின் அலுவலக வாசலில் காத்திருக்கும் மனிதர்களோடு பேசாமல் தமிழ்நாட்டின் எந்த ஊரையும் தெரிந்துகொள்ள முடியாது என்பது என் நம்பிக்கை. வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை: மனித வாழ்க்கையின் திருப்பங்கள் எல்லாம் அங்கே ஒரு விண்ணப்பமாக வந்து நிற்கின்றன. அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர், ஆட்சியர் என்று தாள் படியேறும். இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்று வந்தபிறகும், விசாரணைக்கு நேரில் வரச் சொல்வது நின்றபாடில்லை.

ஒரு மூதாட்டி மஞ்சள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கணவர் இறந்து பெயர் மாற்றம் கேட்டு வந்தவர். நான் எதற்கு வந்தேன் என்று சொன்னதும் பையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அவருடைய அப்பா வாங்கிய மனையின் பத்திரத்தில் ‘செங்கல்பட்டு ஜில்லா’ என்று எழுதியிருந்தது. இடையில் ஒரு தாளில் ‘செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்’. பிறகு வந்ததில் ‘திருவள்ளூர் மாவட்டம், அம்பத்தூர் வட்டம்’. கடைசியாக ‘திருவள்ளூர் மாவட்டம், ஆவடி வட்டம்’.

“நாங்க எங்கேயும் போகல தம்பி. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அதே வீடுதான். பேப்பர்லதான் ஊரு நடந்துகினே இருக்குது.”

“எந்த ஆபீஸ் போறது உங்களுக்குச் சுலபமா இருந்துச்சும்மா?”

அவர் யோசிக்கவே இல்லை. “இப்பதான். ஆவடின்னா ஒரு பஸ்ஸு. எங்கப்பா காலத்துல கலெக்டரப் பாக்கணும்னா பூந்தமல்லி போயி, அங்கேர்ந்து காஞ்சிபுரம். காலைல போனாருன்னா ராத்திரிதான். ஆபீசரு இல்லன்னா மறுபடியும் போவணும்.”

அந்தத் தாள்களின் வரலாற்றை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லியாக வேண்டும். சோழர் காலத்துக்கு முன்பிருந்தே தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகப் பிரித்து அறியப்பட்டது. பக்கத்துத் திருமுல்லைவாயில் புழல் கோட்டத்து ஊர். கோட்டம், நாடு, ஊர் என்று இறங்கும் அந்தப் பிரிவினையின் அடிப்படை நீர். ஓர் ஏரியின் பாசனத்தைப் பகிர்கிற ஊர்கள் பெரும்பாலும் ஒரே நாட்டுக்குள் வந்தன. 1763-ல் ஆர்க்காட்டு நவாப் சென்னையைச் சுற்றிய நிலப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனி அதை அளந்தது. 1767-ல் தொடங்கிய தாமஸ் பர்னார்டின் அளவை ஒவ்வோர் ஊரிலும் வீடு, நிலம், ஏரி, மானியம் என்று கணக்கெடுத்தது. அதற்கு ஆதாரமான ஓலைக் கணக்குகளிலிருந்து அந்தக் காலத்துத் தமிழ்க் கிராமத்தின் நிர்வாகம் எப்படி இருந்தது என்பதை இன்றைய ஆய்வாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். அந்த ஜாகீர்தான் செங்கல்பட்டு மாவட்டமானது. மாவட்டத்தின் தலைமையிடம் 1859-லிருந்து சைதாப்பேட்டை. 1968-ல் காஞ்சிபுரத்துக்குப் போனது. மூதாட்டியின் தந்தை காஞ்சிபுரம் போனது அதனால்தான்.

1997 ஜூலை 1 அன்று செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் இரண்டாகி, வடக்கே திருவள்ளூர், தெற்கே காஞ்சிபுரம் என்று ஆனது. மாவட்டங்களுக்குத் தலைவர்களின் பெயர் வைக்கும் வழக்கமும் அந்த ஆண்டோடு நின்றது. ஜூலை 1 என்ற தேதிக்கு வருவாய்த் துறையில் தனிப் பொருள் உண்டு: பசலி ஆண்டு பிறக்கும் நாள் அது. 1407-ஆம் பசலியின் முதல் நாளில் பட்டாபிராம் திருவள்ளூர்க் கணக்கில் ஏறியது.

தமிழ்நாட்டில் 1956-ல் இருந்த மாவட்டங்கள் 13. இன்றைக்கு 38. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் பட்டாசு வெடிக்கும், ஏதோ ஓர் ஊர் தலைமையிடம் தனக்குக் கிடைக்கவில்லை என்று கடையடைப்பு நடத்தும். அந்தக் கடையடைப்புகளை வெறும் ஊர்ப்பெருமை என்று ஒதுக்குகிறவர்களோடு நான் உடன்படவில்லை. தலைமையிடம் எங்கே என்பது, கூலி வேலை பார்க்கும் ஒருவர் ஒரு மனுக் கொடுக்க அரைநாள் இழப்பாரா ஒரு முழு நாளை இழப்பாரா என்பதைத் தீர்மானிக்கிறது. எல்லைக்கோட்டை அளக்கச் சரியான அளவுகோல் அதுதான்.

பட்டாபிராமிலிருந்து கிழக்கே போகும் பேருந்தில் ஏறி அம்பத்தூரில் இறங்கினேன். சென்னை மாநகராட்சி வந்து நின்ற கோடு திருமுல்லைவாயிலுக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் ஓடுகிறது. 2011-ல் சென்னை மாநகராட்சி 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அம்பத்தூர் நகராட்சி அதில் போனது, ஆவடி போகவில்லை. ஆனாலும் அம்பத்தூர் ஆறு ஆண்டுகளுக்கு மேல் மாநகராட்சியால் சென்னையாகவும் மாவட்டத்தால் திருவள்ளூராகவும் இருந்தது. குப்பைக்கு மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை, பட்டாவுக்குத் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகம். 2018 ஜனவரியில் அம்பத்தூர், மாதவரம், மதுரவாயல், திருவொற்றியூர் வட்டங்கள் சென்னை மாவட்டத்தில் சேர்ந்தபிறகே இரண்டு எல்லைகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. நல்ல காரியம். அப்படிப் பொருத்த இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டியதில்லை.

பொருந்திய எல்லை நான்கு ஆண்டுகளில் வேறிடத்தில் பிரிந்தது. 2022 ஜனவரி 1 அன்று சென்னைக் காவல்துறை மூன்றாகி, ஆவடியும் தாம்பரமும் தனி ஆணையரகங்கள் ஆயின. அம்பத்தூர் ஆவடிக்குப் போனது. இப்போது அம்பத்தூர்க்காரருக்கு மேயர் சென்னையில், ஆட்சியர் சென்னையில், காவல் ஆணையர் ஆவடியில். காவல்துறைக்கு இதில் நியாயம் உண்டு. வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வந்தபிறகு குற்றமும் போக்குவரத்தும் மாநகராட்சி எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. புறநகருக்குத் தனிக் கவனம் வேண்டும். அப்படியானால் அந்தத் தேவை வரும்போதே மற்றத் துறைகளையும் உட்காரவைத்துப் பேசியிருக்கலாம். ஒவ்வொரு துறையும் தன் வேலைக்கு ஏற்ற கோட்டைத் தனியாக இழுத்துக்கொள்கிறது. எல்லாக் கோடுகளையும் சேர்த்துச் சுமக்கிறவர், நான்கு அலுவலகங்களுக்கு நான்கு திசையில் பேருந்து ஏறும் குடிமகன்.

அம்பத்தூருக்குத் தெற்கே அயப்பாக்கம். அடுக்குமாடிகள் வரிசைகட்டி நிற்கும் இந்த ஊர் நிர்வாகக் கணக்கில் ஊராட்சி. அதுவும் வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியத்தில். வில்லிவாக்கம் சென்னை மாநகரத்துக்குள் கலந்து பல தலைமுறை ஆகிறது. மூல ஊர் நகரத்தில் கரைந்தபிறகும் அதன் பெயரால் ஒரு கிராம ஒன்றியம் திருவள்ளூர் மாவட்டத்தில் உயிரோடிருக்கிறது. நகரம் எப்படித் தின்றுகொண்டே வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் இந்தப் பக்கத்தில் நான் பார்க்கவில்லை.

ஆவடியின் கதை வேறு வழியில் போனது. 2011-ன் மக்கள்தொகைக் கணக்கில் 3,45,996 பேர் வாழ்ந்த நகராட்சி அது. சென்னையோடு சேராமல் 2019 ஜூனில் தானே ஒரு மாநகராட்சியானது, தமிழ்நாட்டின் 15-ஆவது. 48 வார்டுகள். பட்டாபிராம் அதற்குள் இருக்கிறது. 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-க்கு விரிந்தபோது, அதுவரை பெருநகர வரைபடத்தின் மேற்கு ஓரத்தில் கிடந்த இந்த ஊர் கிட்டத்தட்ட உள்பக்கத்துக்கு வந்துவிட்டது. 2024 நவம்பரில் 330 கோடி ரூபாயில் 21 மாடி டைடல் பூங்கா இங்கே திறக்கப்பட்டது. கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை சுமார் 22 கிலோமீட்டர் மெட்ரோ பாதைக்குத் திட்ட அறிக்கை அரசிடம் போயிருக்கிறது. கணினி வேலைக்கு வருகிறவர்களுக்கு இது சென்னை. அவர்களிடம் திருவள்ளூர் மாவட்டம் என்று சொன்னால் சற்று நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

உலகத்தின் மறுபக்கத்தில் இதே நிலையில் ஒரு பகுதி இருக்கிறது. மத்திய அமெரிக்காவின் பனாமா நாடு 10 மாகாணங்களாகவும், பழங்குடிகளுக்கான தனி ஆட்சிப்பகுதிகளாகவும் பிரிந்திருக்கிறது. மாகாணத்துக்குள் மாவட்டங்கள்; மாவட்டத்துக்குள் ‘கொர்ரெஹிமியெந்தோ’ எனப்படும் சிறு வட்டாரங்கள், ஒவ்வொன்றுக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி. மாகாணங்களில் ஆக இளையது பனாமா ஓயெஸ்தே, அதாவது மேற்குப் பனாமா. 2014 ஜனவரி 1 அன்று தலைநகரின் பனாமா மாகாணத்திலிருந்து கால்வாய்க்கு மேற்கேயுள்ள ஐந்து மாவட்டங்களைப் பிரித்து உருவாக்கினார்கள். அர்ராய்ஹான், லா சொர்ரேரா என்ற அங்கத்து ஊர்கள் நம் ஆவடியும் பட்டாபிராமும் போன்றவை: தலைநகரத்தில் வாடகை கட்டுப்படியாகாதவர்கள் வந்து வீடு கட்டிய இடங்கள். விடியற்காலையில் கால்வாய்ப் பாலங்களைக் கடந்து வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறார்கள். அவர்களுக்கு ஆளுநர் அலுவலகம் லா சொர்ரேராவில் வந்தது. தலைநகரத்தின் ஓரமாக இருந்தவர்கள் தங்களுக்கென ஒரு நடுவிடத்தைப் பெற்றார்கள்.

அதே நாட்டின் கரீபியக் கரையில் குனா மக்கள் 1925-ல் கிளர்ந்தெழுந்து, தங்கள் நிலத்தைத் தாங்களே ஆளும் உரிமையைப் படிப்படியாகச் சட்டமாக்கிக் கொண்டார்கள். அவர்களுடைய குனா யாலாவில் பொதுப் பேரவைதான் பெரிய முடிவுகளை எடுக்கிறது. அங்கே எல்லையைக் கேட்டு வாங்கியவர்கள் எல்லைக்குள் வாழ்கிறவர்கள். எல் சால்வடோர் இதற்கு நேர்மாறு. 14 மாநிலங்களில் 262 நகராட்சிகள் இருந்த நாடு, 2024 மே மாதத்தில் அவற்றை 44 ஆக்கியது. செலவு குறையும் என்றது அரசு. பழைய நகராட்சிகள் பெயருக்கு வட்டாரங்களாக நீடிக்கின்றன. ஆனால் மேயர் இப்போது தொலைவில் இருக்கிறார். சின்ன நாடுகள், நமக்குத் தொடர்பில்லாத மொழி. கேள்வி மட்டும் ஒன்றே: எல்லையை மாற்றினால் அதற்குள் வாழ்கிறவர்களுக்கு என்ன ஆகும்? அதைத்தான் நெமிலிச்சேரியிலும் நான் கேட்டேன்.

நெமிலிச்சேரி பட்டாபிராமுக்கு அடுத்த நிலையம். வெளிவட்டச் சாலையின் முதல் பகுதி வண்டலூரிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. பிறகு மீஞ்சூர் வரை நீண்டது. ஆறு வழிப் பாதைக்குக் கீழே டீக்கடையில் நின்றால் தூரத்து லாரிகளின் அதிர்வு தரையில் தெரிகிறது. சுற்றியுள்ள கிராமங்களை ஆவடி மாநகராட்சியோடு சேர்ப்பது பற்றிய பேச்சு இங்கே ஓயாமல் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஊராட்சி ஒன்றிலிருந்து வந்திருந்த இரண்டு பெண்களிடம் அதைப் பற்றிக் கேட்டேன்.

“சேத்தா என்னா சார் வரும்? வரி வரும்” என்றார் ஒருவர்.

“நூறு நாள் வேல போயிரும்க்கா, அதச் சொல்லு” என்றார் சின்னவர்.

அவர் சொன்னது சட்டப்படி சரி. ஊரக வேலைத் திட்டம் ஊராட்சிகளுக்கு மட்டுமே. மாநகராட்சியானால் வேலை அட்டை செல்லாது. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், கட்டட அனுமதி எல்லாம் நகர விகிதத்துக்கு மாறும். பாதாளச் சாக்கடை வருவதற்கோ பல ஆண்டுகள் ஆகும். வரி முதல் நாளே வரும். இன்னொன்றும் போகும்: கிராம சபை. ஆண்டுக்குச் சில நாள்களாவது ஊர் மரத்தடியில் கூடி, தலைவரிடம் நேருக்கு நேர் கணக்குக் கேட்கும் உரிமை அது. மாநகராட்சியில் வார்டுக் குழுவும் பகுதி சபையும் சட்டத்தில் இருக்கின்றன. ஆனால் ஊர்மக்கள் கூடிப் பேசிப் பழகிய சபைக்கு அவை ஈடாக வேண்டுமானால் அவற்றை ஒழுங்காக நடத்தியாக வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஊராட்சியாகவே இருக்கும் ஊர்களில் அடுக்குமாடி எழும்பிக்கொண்டே போகிறது. கழிவுநீர் ஏரிக்கும் கூவத்துக்கும் போகிறது. சில ஆயிரம் பேருக்கென அமைந்த ஊராட்சி, பல மடங்கு பெருகிய மக்களின் கழிவுநீரைச் சுத்திகரிக்க நிலையம் கட்ட முடியாது. சேர்க்கத்தான் வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் இன்று விவசாயக் கூலியாக இருக்கும் அந்த இரண்டு பெண்களுக்குச் சேர்த்தபின் நகர்ப்புற வேலைவாய்ப்பு உண்டா, வரி எத்தனை ஆண்டில் எவ்வளவு ஏறும், அலுவலகம் எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தந்துவிட்டுச் சேர்க்க வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டம் வேலைநாள் காலை 11 மணிக்கு நடந்தால் கூலிக்குப் போகிறவர்கள் யாரும் அங்கே வர முடியாது.

திங்கள்கிழமை வண்டியில் திருவள்ளூர் போனேன். வாரந்தோறும் அன்றைக்குத்தான் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை ரோடு, புட்லூர் என்று நிலையத்துக்கு நிலையம் கையில் பிளாஸ்டிக் உறையோடு ஏறுகிறவர்களைப் பார்த்ததும் அவர்கள் எங்கே போகிறார்கள் என்பது தெரிந்துவிடும். ரயில் தடத்தில் வாழ்கிறவர்களுக்குத் திருவள்ளூர் தலைமையிடமாக இருப்பது வசதிதான். பட்டாபிராமிலிருந்து அரைமணி நேரப் பயணம்.

ஆனால் இந்த மாவட்டம் கிழக்கே பழவேற்காட்டுக் கடற்கரையில் தொடங்கி மேற்கே பள்ளிப்பட்டு வரை போகிறது. பழவேற்காட்டு மீனவர் ஒருவர் மனுவோடு வந்திருந்தார். பொன்னேரிக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து செங்குன்றம் சுற்றி இன்னொன்று. முகத்துவாரம் மண்மூடிப் படகு போக முடியாத பிரச்சினையைச் சொல்ல வந்தவர் அவர். கடலைப் பற்றிய மனுவை, கடலைவிட்டு இவ்வளவு தூரம் உள்ளே கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. பொன்னேரியில் கோட்டாட்சியர் இருக்கிறார். இந்தத் திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் நாளை மாதம் ஒருமுறையாவது அங்கே நடத்தினால், ஆட்சியரின் கார் ஒருமுறை போகும். நூறு மீனவர்கள் வர வேண்டியதில்லை. புதிய மாவட்டம் வேண்டும் என்று கேட்பதற்கு முன் இதைக் கேட்கலாம்.

அங்கிருந்து திருத்தணி. இந்தப் பகுதி மாவட்டத்துக்கு வந்த வரலாறு மற்ற எல்லாவற்றையும்விட விலை கொடுத்து வாங்கியது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள்; சிறை சென்றார்கள். படாஸ்கர் குழுவின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தன; பதிலுக்குச் சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. ஊருக்கு ஊர் எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம் என்று பார்த்து இழுத்த கோடு. இன்றும் திருத்தணிப் பேருந்து நிலையத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே பேரத்தில் கலந்து பேசப்படுகின்றன. பெண் கொடுத்ததும் எடுத்ததும் கோட்டின் இரண்டு பக்கமும் உண்டு.

ஆர்.கே.பேட்டைக்குப் போகும் பேருந்துக்காக நின்றிருந்த நெசவாளர் ஒருவர், மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கிய கதையைச் சொன்னார். மூத்த மகனுக்கு வாங்கியபோது வட்டாட்சியரைப் பார்க்கப் பள்ளிப்பட்டு வரை போக வேண்டியிருந்தது. இப்போது ஆர்.கே.பேட்டையே தனி வட்டம்.

“பெரியவனுக்கு வாங்கறப்ப மூணு தடவ போனேன் சார். மூணு நாளும் தறி நின்னுச்சு. பொண்ணுக்கு வாங்கறப்ப காலைல போயிட்டு வந்து, மத்தியானம் தறில ஒக்காந்துட்டேன்.”